துவக்கும் பூவரசும்



இவ்வாரம் நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களிற் சிலருக்கு வியப்பளிக்கலாம். இலக்கிய நிகழ்ச்சியிலே துவக்குக்கு என்ன அலுவல் என்று கேட்பீர்கள். துவக்கின் வாயைப் பற்றி நான் பேச வரவில்லை. வாயைப் பற்றிப் பேசியவர்கள் பலர். அது பேசியதைக் கேட்டவர்கள் அவர்களிலும் பலர். நான் பேச வந்தது அதன் மறுமுனையைப் பற்றி. தோளோடு அணைத்து, கன்னத்தோடு ஒட்டி, கையாற் பற்றிப் பிடிக்கிற அந்த மரத்துண்டைப் பற்றி. அந்த மரம் எங்கிருந்து வந்தது, அதனைத் தெரிந்தெடுத்தவர் யார் என்ற கேள்விக்குப் பின்னால் ஐந்நூறு ஆண்டுக் கதையொன்று இருக்கிறது. அதிற் பெரும் பகுதி நாம் வாழும் இந்தக் கொழும்பு நகரத்தோடு தொடர்புடையது.

எனது சிறுபராயத்தில் வன்னியிலே எங்கள் அப்புவிடம், அதாவது தாய்வழிப் பாட்டனாரிடம், ஓர் இடியன் துவக்கு இருந்தது. குழலின் வாய்வழியாக மருந்தை இட்டு, கம்பியால் இடித்து இறுக்கி, வெடிவைப்பது. அதனால் அதற்கு இடியன் என்று பெயர். பன்றியும் யானையும் வயலுக்குள் இறங்காமல் இருக்க, அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருந்தார். ஒருநாள் பரணிலிருந்து அது விழுந்து, கட்டை கழுத்தோடு முறிந்துபோயிற்று. அயலூர்த் தச்சாசாரியார் வந்தார். முறிந்த கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து, வேலியோரம் நின்ற மரங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார். வேம்பைத் தாண்டினார், முதிரையைத் தாண்டினார், ஒரு பூவரசின் முன்னாலே நின்றார். "இதுதான்" என்றார். மரத்தைத் தறித்து, மாதக்கணக்கில் நிழலிலே உலரவிட்டு, பின்னரே உளியை வைத்தார். வேலை முடிந்ததும் அப்பு அதனைத் தோளில் வைத்துப் பார்த்து, "கொஞ்சம் நீளம்" என்றார். ஆசாரியார் அரை அங்குலம் குறைத்தார். அந்தத் துவக்கு அப்புவின் தோளுக்கு அளவெடுத்துச் செய்ததாயிற்று.

அந்த அரை அங்குலத்தை நான் மறக்கவில்லை. இன்றைய பேச்சுக்கு அதுவே தொடக்கம்.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். தமிழகத்தார் துப்பாக்கி என்பர். நாம் துவக்கு என்கிறோம். சிங்கள மக்கள் துவக்குவ என்கின்றனர். மூன்றுக்கும் வேர் ஒன்றே. துருக்கியிலே 'துபெக்' என்றும் பாரசீகத்திலே 'துபங்' என்றும் வழங்கிய சொல், படையோடும் வணிகத்தோடும் நடந்து வந்து நம் நாவுகளுக்கேற்பத் திரிந்திருக்கிறது. தமிழுக்கும் சிங்களத்துக்கும் பொதுவாக உள்ள சொற்களைத் தேடிப் பட்டியலிடும் நண்பர்கள் இந்தச் சொல்லையும் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்துக்கொள்ள மனம் கூசினாலும் உண்மை உண்மைதானே!

திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்திலும் 'துப்பாக்கி' என்ற சொல் வருகிறது என்று மாணவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அங்கே அதற்கு உணவை உண்டாக்கி என்பது பொருள். துப்பு என்றால் உணவு. வள்ளுவர் மழையைச் சொன்னார். வெடிமருந்து அவர் அறியாதது. ஆனாலும், விளைந்த பயிரைக் காக்கப் பரணிலே விழித்திருந்த எங்கள் அப்புவின் துவக்கை நினைக்கும்போது, அந்தச் சொல்லொற்றுமை முழுவதும் வேடிக்கையாகத் தோன்றுவதில்லை.

துவக்கிலே இரும்பு செய்வது ஒரு வேலை, மரம் செய்வது இன்னொரு வேலை. குழலும் விசைப்பொறியும் இரும்பு. அவற்றைத் தாங்கும் பகுதியைக் கட்டை என்போம். தோளிற் பதியும் அதன் பின்பாகத்தைச் சோங்கு என்பது நம்மவர் வழக்கு. இந்தக் கட்டைக்கு மூன்று கடமைகள் உண்டு. சூடேறும் குழலைக் கை சுடாமற் பிடிக்க இடங்கொடுப்பது ஒன்று. வெடிக்கும்போது பின்னோக்கி வரும் உதைப்பைத் தோளின் அகலத்துக்குப் பரப்பிவிடுவது இரண்டாவது. குழலை அசையவிடாமல், ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் இருத்திவைப்பது மூன்றாவது. ஆகவே மரம் பாரமில்லாமலும் இருக்கவேண்டும், அதிர்ச்சியில் வெடிக்காமலும் இருக்கவேண்டும், மழையிலும் வெயிலிலும் முறுகாமலும் இருக்கவேண்டும். இவை மூன்றும் ஒருங்கே அமைந்த மரங்கள் உலகிலே அதிகமில்லை.

இனிக் கொழும்புக்கு வருவோம். 1505ஆம் ஆண்டிலே (1506 என்பாரும் உளர்) போர்த்துக்கேயக் கப்பல்கள் இத்துறைக்கு வந்தன. வெள்ளை நிறத்தவர்கள், இரும்புச் சட்டை அணிந்தவர்கள் வந்திருக்கிறார்கள் என்றும், அவர்களுடைய வெடியின் ஓசை இடியினும் பெரிது என்றும் கோட்டை மன்னனுக்குச் செய்தி போனதாக 'இராஜாவலிய' என்னும் சிங்கள வரலாற்று நூல் கூறும். அவர்கள் அப்பம் தின்றதைக் கல்லைத் தின்றதாகவும், முந்திரிகைமது அருந்தியதை இரத்தம் குடித்ததாகவும் கண்டவர்கள் சொன்னார்களாம். அறியாததைக் கண்ட கண்களின் திகைப்பு அந்தப் பகுதியிலே நன்றாகப் பதிவாகியிருக்கிறது.

ஆனால் திகைப்பு நீடிக்கவில்லை. அடுத்த எண்பது ஆண்டுகளுக்குள் இந்நாட்டுக் கொல்லர்கள் துவக்குக் குழல் அடிக்கும் தொழிலிலே வல்லவர்களாகிவிட்டனர். 1580களிலே கோவாவில் வாழ்ந்த ஒல்லாந்தரான லின்ஸ்கோட்டன், சிங்களக் கம்மியர் செய்யும் துவக்குக் குழல்கள் எங்குங் காணக்கூடியவற்றுள் மிகச் சிறந்தவை என்று தமது நூலிலே பாராட்டியிருக்கிறார். 1587, 1588 ஆகிய ஆண்டுகளிலே சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டபோது, அவனுடைய படையிலே உள்நாட்டுத் துவக்குகள் ஏராளமாக இருந்தன. எதனைக் கண்டு நடுங்கினார்களோ அதனையே செய்யக் கற்று, கொண்டுவந்தவர்களுக்கு எதிராகவே நீட்டினார்கள்.

கொட்டாஞ்சேனையிலே வசிக்கும் நேயர்கள் நாள்தோறும் கடந்துபோகும் ஓரிடம் இந்தக் கதையின் அடுத்த கட்டத்துக்குச் சாட்சியாக நிற்கிறது. நீதிமன்றங்கள் அமைந்திருக்கும் புதுக்கடைப் பகுதிக்கு ஹல்ஸ்டோர்ப் என்றொரு பெயர் உண்டல்லவா? அது ஜெரார்ட் ஹல்ப்ட் என்னும் ஒல்லாந்தத் தளபதியின் பெயரால் வந்தது. போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்ற ஒல்லாந்தர் முற்றுகையிட்டிருந்தபோது, 1656ஆம் ஆண்டு ஏப்பிரல் 10ஆம் திகதி அவர் ஒரு துவக்குக் குண்டுக்கு இரையானார். அடுத்த மாதம் 12ஆம் திகதி கோட்டை சரணடைந்தது. வெற்றியை அவர் காணவில்லை. பெயர் மட்டும் நிலைத்தது. வெடிபட்டு இறந்த ஒருவரின் பெயரைத் தாங்கிய இடத்திலே, துவக்குகள் சான்றுப் பொருள்களாகச் சீட்டுக் கட்டப்பட்டு வந்துசேரும் நீதிமன்றங்கள் எழுந்தமை வரலாற்றின் ஒரு விநோதமென்றே சொல்லவேண்டும்.

கரையோரம் ஒல்லாந்தர் கைக்குப் போனபின்னும் கண்டி இராச்சியத்திலே துவக்குத் தொழில் தொடர்ந்தது. இங்கேதான் மரத்தின் பெருமை தெரிகிறது. போர்த்துக்கேயர் வழியாக வந்த விசைப்பொறியை எடுத்துக்கொண்ட கண்டிக் கம்மியர், கட்டையைத் தமது மனப்போக்கிலே செதுக்கினார்கள். அதன் சோங்கு ஐரோப்பியத் துவக்கைப் போலத் தட்டையாக முடிவதில்லை. இரண்டாகப் பிளந்து, சுருண்டு முடியும். பெரும்பாலும் விசைப்பொறி இடது பக்கத்தில் இருக்கும். மரத்திலே கொடியும் இலையுமாகச் செதுக்கல்; சிலவற்றிலே தந்தமும் வெள்ளியும் பதித்த வேலை. கோயிற் கதவிலும் தந்தச் சீப்பிலும் காணும் அதே கொடிகளைத் துவக்கிலும் காண்கிறோம். பி. இ. பி. தெரணியகல 1942இல் எழுதிய சிங்கள ஆயுதங்கள் பற்றிய கட்டுரை இத்துறையில் இன்றும் எடுத்துநோக்கப்படுவது.

1765ஆம் ஆண்டிலே ஆளுநர் வான் எக்கின் தலைமையில் ஒல்லாந்தர் கண்டிக்குட் புகுந்து அரண்மனையைச் சூறையாடினர். அப்போது போன பொருள்களுட் சில அம்ஸ்டர்டாம் நகரின் றைக்ஸ் நூதனசாலையைச் சென்றடைந்தன. நீண்டகால ஆராய்ச்சிக்கும் பேச்சுக்கும் பிறகு, 2023ஆம் ஆண்டு அவற்றில் ஆறு பொருள்களைத் திருப்பிக் கொடுக்க நெதர்லாந்து முடிவு செய்தது. புகழ்பெற்ற கண்டிப் பீரங்கியோடு, இரண்டு வாள்கள், ஒரு கத்தி, 'மஹ துவக்குவ' எனப்படும் பெருந்துவக்குகள் இரண்டு ஆகியன அவ்வாண்டு டிசெம்பரிலே கொழும்புத் தேசிய நூதனசாலைக்கு வந்துசேர்ந்தன. நாட்டை விட்டு 258 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்த துவக்குகள் அவை. எவரையும் சுடுவதற்கு அவை வரவில்லை. நாம் பார்ப்பதற்கென வந்திருக்கின்றன.

அந்த நூதனசாலை திறக்கப்பட்டது 1877ஆம் ஆண்டு. அதே ஆண்டிலே இதே கொழும்பில் ஒரு தமிழ்ப் பிரபுவின் மகனாகப் பிறந்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. 1908இல் வெளிவந்த அவருடைய 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல், கண்டி நாட்டுத் தச்சர், கொல்லர், தந்த வேலையாளர், அரக்கு வேலையாளர் ஆகியோரின் தொழில்களை அழியுமுன் எழுதிவைத்தது. அவர் வலியுறுத்திய கருத்தை என் மொழியிற் சொல்வதானால்: பயன்படும் பொருளும் அழகிய பொருளும் அக்காலத்திலே வேறுவேறாக இருக்கவில்லை. செய்பவன் யாருக்காகச் செய்கிறோம் என்று அறிந்து செய்தான். எங்கள் ஆசாரியார் குறைத்த அரை அங்குலமும் அந்த மரபின் கடைசி எச்சங்களுள் ஒன்று என்று நான் எண்ணுகிறேன்.

1815இல் கண்டி ஆங்கிலேயரிடம் போயிற்று. துவக்குகள் கப்பலிலே வந்திறங்கின. அவற்றின் கட்டை நம் நாட்டு மரமன்று. அது வோல்நட், அதாவது அக்குரோட்டு மரம். ஐரோப்பாவிலே துவக்குக்கென்றே பெயர்பெற்ற மரம் அதுதான். நெருக்கமான நார், அளவான பாரம், அதிர்ச்சி தாங்கும் குணம், உலர்ந்தபின் முறுகாத தன்மை என்பன அதற்கு உண்டு. நெப்போலியன் காலத்துப் போர்களிலே ஐரோப்பாவின் அக்குரோட்டு மரங்கள் பெருந்தொகையாக வெட்டப்பட்டன. கொட்டை தின்னக் கொடுத்த மரம் குண்டு சுமக்கப் போயிற்று.

அக்குரோட்டு வளராத நாடுகளிலே என்ன செய்தார்கள்? இங்கேதான் எங்கள் ஆசாரியாரின் பூவரசு மீண்டும் வருகிறது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் எமர்சன் டெனன்ற், 1859இல் வெளியிட்ட தமது நூலிலே பூவரசைப் பற்றி எழுதுகிறார். அழகுக்காகவும் நிழலுக்காகவும் நடப்படும் மரம் என்று சொல்லி, அதன் மரம் வண்டிகளின் ஏர்க்காலுக்கும் துவக்குக் கட்டைக்கும் பயன்படுகிறது என்றும் குறிப்பிடுகிறார். அந்த வரியை முதன்முதல் வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் இருந்தேன். எழுத்தறிவு அதிகமில்லாத எங்கள் ஆசாரியார் டெனன்றை வாசித்தவரல்லர். அவருடைய கைக்கு வந்த அறிவு, தந்தையிடமிருந்தும் பாட்டனிடமிருந்தும் வந்தது.

பூவரசை நமக்குச் சொல்லியா தெரியவேண்டும்! கிளையை நட்டால் வேலியாகிவிடும். இலையைச் சுருட்டி ஊதினால் பீப்பீ. காலையிலே மஞ்சளாக விரியும் பூ, மாலையிலே செந்நிறம் ஏறி வாடிவிடும். உள்ளே வைரம் கருஞ்சிவப்பாக, நெருங்கிய நாரோடு இருக்கும். நீரிலே கிடந்தாலும் எளிதில் உழுத்துப்போகாது. பசிபிக் தீவுகளிலே இதே மரத்தைக் கடைந்து உணவுக் கிண்ணங்கள் செய்கிறார்கள். உப்புக் காற்றைத் தாங்கும் மரமாதலால் கடற்கரை நாடுகளுக்கெல்லாம் அது உறவு.

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இந்நாட்டிலே துவக்கை அனுமதிப்பத்திரத்தோடு கட்டிவைத்தது. ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். எங்கள் அப்பு ஆண்டு முடிவிலே அந்தக் கடதாசியோடு கச்சேரிக்குப் போய்வருவார். 1996இல் வந்த திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. ஆகவே, கடைக்குப் போய், விரும்பிய துவக்கைக் கேட்டு, அதன் கட்டை எந்த மரத்திலே இருக்கவேண்டும் என்று தெரிவு செய்யும் அனுபவம் நம்மிற் பெரும்பாலோருக்குக் கிட்டாதது. ஆனால் உலகின் வேறு பகுதிகளிலே அது சாதாரணக் கொள்வனவு. அந்தக் கதையையும் சிறிது பார்ப்போம்.

இருபதாம் நூற்றாண்டிலே போர் பெருத்தது, மரம் போதவில்லை. நம்மூர்ப் பொலிசார் கையில் 'திறீ நோட் திறீ' என்று நாம் கண்ட லீ-என்பீல்ட் றைபிளுக்கு இங்கிலாந்திலே அக்குரோட்டுக் கட்டை. மரம் தட்டுப்பட்ட இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே பீச், பேர்ச் மரங்கள். அவுஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலையிலே அந்நாட்டுக் காட்டு மரங்களான குயின்ஸ்லாந்து மேப்பிளும் கோச்வூட்டும். கட்டையைப் பார்த்தே துவக்கு எங்கே பிறந்தது என்று சொல்லிவிடலாம்.

1936இல் அமெரிக்க இராணுவம் ஜோன் கராண்ட் என்பவர் வடிவமைத்த றைபிளை ஏற்றுக்கொண்டது. ஒரு நாட்டின் படை முழுமைக்கும் பொது ஆயுதமாக வழங்கப்பட்ட முதலாவது அரைத் தன்னியக்கத் துவக்கு அதுவே. ஒவ்வொரு வெடிக்கும் விசையை ஒருமுறை இழுக்கவேண்டும். ஆனால் அடுத்த தோட்டா தானாகவே உள்ளேறிவிடும். வெடியிலே பிறக்கும் வாயுவின் ஒரு பகுதி அந்த வேலையைச் செய்கிறது. கட்டை இன்னமும் அக்குரோட்டுத்தான். 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட துவக்குகள், அத்தனைக்கும் மரம்!

பின்னர் வந்தது நைலோன். 1935இல் டூ பொன்ட் நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலே பிறந்த அந்தச் செயற்கைப் பொருள், முதலிற் பற்தூரிகையாயிற்று, பிறகு பெண்களின் காலுறையாயிற்று. 1959இல் துவக்குக் கட்டையும் ஆயிற்று. டூ பொன்டின் உடைமையாயிருந்த றெமிங்ரன் நிறுவனம் 'நைலோன் 66' என்ற பெயரில் ஒரு சிறிய அரைத் தன்னியக்க றைபிளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வாங்குவோர் தயங்கினர். மரமில்லாத துவக்கு விளையாட்டுப் பொருள்போலத் தோன்றியது. அவ்வாண்டே ஒரு சுடுநர் 13 நாட்களில், வானிலே எறியப்பட்ட 100,010 சிறு மரக்கட்டைகளை இந்த வகைத் துவக்கினாற் சுட்டுக் காட்டினார். தவறியவை 6. தயக்கம் தீர்ந்தது. பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. நைலோன் தன் வல்லமையைக் காட்ட மரத்தையே குறியாக வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இன்று அமெரிக்கா போன்ற நாடுகளிலே அரைத் தன்னியக்க றைபிள் வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் கேட்பது இதைத்தான்: மரமா, ஒட்டு மரமா, செயற்கைப் பொருளா? மரம் ஈரத்திலே பொருமும், வெயிலிலே சுருங்கும். அப்போது குழலின் மேலுள்ள அழுத்தம் மாறிக் குறி சற்றே விலகும். அதனால் ஆளிவிதை எண்ணெய் தேய்த்துப் பேணவேண்டும். மெல்லிய கழுத்துப் பகுதியிலே நாரோட்டம் நேராக ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் உதைப்பிலே பிளக்கும். அப்புவின் துவக்கின் பழைய கட்டை முறிந்தது அதனாலேயே என்று ஆசாரியார் அன்று சொன்னார். மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்த ஒட்டு மரம் முறுகாது, ஆனால் பாரம். நாரிழையும் நைலோனும் மழைக்கு அஞ்சா, பராமரிப்பும் வேண்டா; ஆனால் குளிரிலே தொட்டால் குளிரும், கன்னத்துக்கு அந்நியமாயிருக்கும் என்பர். மரத்தை விரும்புவோர் அழகையும் பாட்டன் நினைவையும் சொல்வர். மற்றவர்கள் மலிவையும் பாரக் குறைவையும் சொல்வர்.

இந்த விவாதத்தைச் சிலகாலம் ஆர்வத்தோடு வாசித்தேன். வாசிக்க வாசிக்க ஓர் உண்மை உறைத்தது. அந்த நீண்ட பேச்சு முழுவதிலும் துவக்கின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது வருவதேயில்லை. கட்டையைத் தெரிவு செய்கிறவர் துவக்கின் பின்னால் நிற்கிறார். அவருக்கு அது மரம், எண்ணெய், தோளின் அளவு. முன்னால் நிற்பவருக்கு அது ஒரு துளை.

நாம், கொழும்பிலே வாழ்ந்த தமிழர், நெடுங்காலம் முன்னால் நின்றவர்கள். போர்க்காலத்திலே எஸ்.எல்.ஆர். என்றும் ரி-56 என்றும் எழுத்துகளை எங்கள் பிள்ளைகள் அரிச்சுவடியோடு கற்றுக்கொண்டார்கள். எஸ்.எல்.ஆர். என்பதும் ஓர் அரைத் தன்னியக்க றைபிளே. அதன் பெயரே தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்வது என்பதைத்தான் சொல்கிறது. முதலில் மரக் கட்டையோடு வந்த அது பின்னர் கறுத்த நைலோன் கட்டையோடும் செய்யப்பட்டது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சோதனைச்சாவடிகளிலே அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற இரவுகளிலே, கட்டை என்ன மரம் என்று எவர் பார்த்தார்!

ஆனால் ஓரிரவு நான் பார்த்தேன். வரிசை நீண்டிருந்தது, மழை தூறிக்கொண்டிருந்தது. எனது அட்டையை வாங்கிய இளைஞனுக்கு இருபது வயதிருக்குமோ என்னவோ. விளக்கு வெளிச்சத்தில் அவனுடைய துவக்கின் மரக் கட்டை தெரிந்தது. கைபட்டுக் கைபட்டு வழுவழுத்திருந்தது. அதன் ஓரத்திலே கத்தி முனையாற் கீறிய ஒரு சிங்கள எழுத்து. ஒரேயோர் எழுத்து. அவனுடைய பெயரின் முதலெழுத்தோ, வேறொருத்தியின் பெயரோ அறியேன். தொழிற்சாலையிலே ஆயிரமாயிரமாகச் செய்து, எவருடைய தோளுக்கும் அளவெடுக்காமல் அனுப்பிய கட்டையை, அவன் தன்னுடையதாக்கிக்கொள்ளச் செய்த முயற்சி அது. அப்புவின் அரை அங்குலம் எனக்கு நினைவுக்கு வந்தது. அட்டையைத் திருப்பித் தந்தான். "யன்ட" என்றான். போனேன். பயம் போகவில்லை, ஆனால் அந்த எழுத்தும் இன்றுவரை போகவில்லை.

பூவரசுக்கு இன்னொரு வரலாறும் இக்கொழும்பிலே உண்டு. அதைச் சொல்லாமல் முடிப்பது நியாயமன்று. முதலாம் உலகப்போரின் முடிவை நினைவுகூர்ந்து, ஆண்டுதோறும் நவம்பர் 11ஆம் திகதி செந்நிறப் பொப்பி மலர்கள் விற்கப்பட்டு வந்தன. சேர்ந்த பணத்தின் பெரும்பகுதி இங்கிலாந்துக்குப் போயிற்று. உள்ளூர் முன்னாட் போர்வீரருக்குக் கிட்டியது சொற்பம். இதனை மறுத்து 1931இல் ஏலியன் பெரேரா என்பார் அதே நாளிலே ஓர் உள்ளூர் மலரை விற்கத் தொடங்கினார். 1933 முதல் இளைஞர்கள் அதனைக் கையேற்று, ஏகாதிபத்தியத்துக்கும் போருக்கும் எதிரான இயக்கமாக வளர்த்தனர். அதன் தலைவியாயிருந்தவர் இங்கிலாந்திலே பிறந்து இந்நாட்டைத் தம் நாடாக்கிக்கொண்ட டொறீன் யங். அவ்வியக்கத்தின் பெயர் சூரியமல் இயக்கம்.

சூரியமல் என்றதும் சூரியகாந்தி என்று கொள்வோர் நம்மிடையே உண்டு. அது தவறு. சிங்களத்திலே சூரிய என்பது நமது பூவரசு. 1934, 1935 ஆண்டுகளின் கொடிய மலேரியாக் காலத்திலே நோயாளருக்குக் கஞ்சியும் மருந்தும் கொண்டு ஊரூராகச் சென்றவர்களும் அதே பூவின் தொண்டர்களே. எந்த மரத்தின் வைரத்திலே துவக்குக் கட்டை செய்தார்களோ, அந்த மரத்தின் பூவையே போர் வேண்டாம் என்று சொல்வதற்கும் கொழும்பு வீதிகளிலே விற்றார்கள். மரம் ஒன்றே; எடுத்தவர் கை வேறு.

1996இல் அவுஸ்திரேலியாவின் போர்ட் ஆதரிலே 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபின், அந்நாடு பெரும்பாலான அரைத் தன்னியக்கத் துவக்குகளைத் தடைசெய்தது. ஏறத்தாழ 650,000 துவக்குகளை அரசு விலைகொடுத்து வாங்கி அழித்தது. அவற்றிலே அழகிய அக்குரோட்டுக் கட்டைகளும் இருந்திருக்கும். பாட்டனிடமிருந்து பேரனுக்கு வந்தவையும் இருந்திருக்கும். கொடுத்தவர்களுக்கு வருத்தம் இல்லாமற் போயிருக்காது. அந்த வருத்தத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். அப்புவின் துவக்கும் இன்று எங்களிடம் இல்லை. எங்கள் குடும்பம் ஊரைவிட்டு எழும்பிய நாளிலே, வீட்டோடும் வேலியோடும் அதுவும் போயிற்று. துவக்குப் போனதற்காக நான் அழவில்லை. அந்தக் கட்டைக்காகச் சிலவேளை மனம் வருந்துவதுண்டு.

வெள்ளவத்தையிலே கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையின் முடிவில், புகையிரதப் பாதைக்கு அருகே, ஒரு பூவரசு நிற்கிறது. தமிழ்ச் சங்க நூலகத்திலிருந்து திரும்பும் மாலைகளிலே அதன்கீழ் நிற்பேன். சென்ற வாரம் ஒரு சிறுவன் இலையொன்றைப் பறித்துக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். சுருட்டி, நுனியை நசுக்கி, ஊதிக் காட்டினேன். இரண்டாம் முறை அவனுக்கும் சத்தம் வந்தது.